சுருக்குப்பைத் தையல்: இதய–நுரையீரல் எந்திரத்தோடு உடலைப் பிணைத்த கதை

சற்று நீண்ட பதிவு. நேரமுள்ளோர் வாசிக்க.

கடந்த ஆண்டு என் தந்தைக்கு இதய வால்வு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. நான் ஆய்வு செய்யும் நகரம் தமிழகத்துக்கு வெளியே இருக்கிறது. மருத்துவமனையின் ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் அம்மாநில மொழியிலும் மட்டுமே இருந்தது. மொழியியல் படித்த மகள் உடனிருக்கிறாள், என்ன கவலை என்று அப்பா நினைத்திருக்கக்கூடும். படிவத்தை வாய்மொழியாகத் தமிழாக்கிக்கொண்டே வந்த நான், ‘கேனுலேஷன்’ என்ற ஒரு சொல்லில் நின்றுவிட்டேன். குழாய் செருகுதல் என்று சொல்லிச் சமாளித்தேன். எங்கே செருகுவார்கள் என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் விடியலில் ஒரு பணியாளர் வந்து இடுப்புக்குக் கீழே இரு தொடைகளின் மேற்பகுதியையும் மழித்துவிட்டுப் போன பிறகுதான் கேட்டார்: “நெஞ்சைத்தானே திறக்கப் போறாங்க? தொடையை எதுக்கும்மா செரைக்கறாங்க?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடையில்லை. பின்னர் தேடிப் படித்தபோது, நியாயமான அந்தக் கேள்விக்குள் ஏறத்தாழ எழுபது ஆண்டு அறுவை மருத்துவ வரலாறு அடங்கியிருப்பது தெரிந்தது. திறந்த இதய அறுவையின் வரலாற்றை நாம் எப்போதும் எந்திரத்தின் வரலாறாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம்: யார் பம்பை அமைத்தார், யார் ஆக்சிஜனேற்றியைக் கண்டார், யார் முதலில் வென்றார். அந்த எந்திரத்தின் குழாய் மனித உடலுக்குள் நுழையும் அந்த ஒரு விரற்கடை இடத்தைப் பற்றி அதில் ஓரிரு வரிகளே வரும். நோயாளி பிழைப்பதும் பிழையாததும் பலமுறை அந்த இடத்தில்தான் முடிவாகியிருக்கிறது. ஆகவே இப்பதிவு எந்திரத்தைப் பற்றியதன்று, இணைப்பைப் பற்றியது.

முதலில் ஒரு சொற்குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் ‘பைபாஸ்’ என்றால் இரண்டு பொருள்: ஊருக்குப் புறத்தே செல்லும் சாலை, அடைபட்ட இதயத் தமனிக்கு மாற்றாகக் காலிலிருந்தோ மார்பிலிருந்தோ எடுத்த நாளத்தை ஒட்டும் அறுவை. 1975ஆம் ஆண்டு சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் கே. எம். செரியன் நாட்டிலேயே முதன்முறையாகச் செய்தது இந்த இரண்டாவது பைபாஸ். ஆனால் அறுவை அரங்கில் ‘பைபாஸ்’ என்றால் மூன்றாவது ஒன்று: உடலிலிருந்து திரும்பிவரும் இரத்தம் முழுவதையும் இதயத்துக்குள் போகவிடாமல் வெளியே எடுத்து, எந்திரத்தில் ஆக்சிஜன் ஏற்றி, மீண்டும் தமனிக்குள் செலுத்துவது. இந்தியாவில் இதயத் தமனி ஒட்டு அறுவைகளில் கணிசமான பங்கு எந்திரமே இல்லாமல், துடித்துக்கொண்டிருக்கும் இதயத்தின்மீது செய்யப்படுகிறது. அதாவது பைபாஸ் இல்லாத பைபாஸ்! என் தந்தைக்கு நேர்ந்ததோ பைபாஸ் அறுவை அல்லாத பைபாஸ். இப்பதிவில் அச்சொல் மூன்றாம் பொருளிலேயே வரும்.

இனி இணைப்பு. உடலிலிருந்து இரத்தத்தை எடுக்கச் சிரையில் ஒரு குழாய். திருப்பித் தரத் தமனியில் ஒரு குழாய். இதற்குக் கேனுலா என்று பெயர். இலத்தீனில் ‘கன்னா’ என்றால் நாணல். கேனுலா என்பது சிறு நாணல். நாம் இரத்தக் குழாயைக் குறிக்க வழங்கும் ‘நாளம்’ என்னும் சொல்லும் உள்துளையுள்ள தண்டைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்ததே; தாமரைத் தண்டையும் அச்சொல் குறிக்கும். இரண்டு மொழி மரபுகள் தனித்தனியாக ஒரே தாவரப் படிமத்தைப் பற்றிக்கொண்டிருக்கின்றன: நாளத்துக்குள் கேனுலா, ஒரு தண்டுக்குள் இன்னொரு தண்டு. படிமம் வெறும் படிமமாக நின்றுவிடவுமில்லை. 17ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டோபர் ரென் நாயின் சிரைக்குள் மருந்தைச் செலுத்தியது பறவை இறகின் உள்துளைத் தண்டைக் கொண்டுதான்.

தமனிக்குள் குழாய் செருகிய பழைய சோதனைகளில் மிகப் புகழ்பெற்றது ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியாருடையது. ஒரு பெண்குதிரையைக் கட்டிக் கிடத்தி, அதன் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயொன்றைச் செருகி, அதனோடு 9 அடி நீளக் கண்ணாடிக் குழாயை நிமிர்த்திப் பொருத்தினார். இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. இரத்த அழுத்தம் முதன்முதலாக அளக்கப்பட்ட அந்தச் சோதனை 1733இல் நூலாக வெளிவந்தது. அதன் இணைப்புதான் எனக்கு வியப்பு. விலங்கு திமிறினால் கண்ணாடி உடைந்துவிடும் அல்லவா? வேறு சில சோதனைகளில் பித்தளைக்கும் கண்ணாடிக்கும் நடுவே வளைந்துகொடுக்கும் துண்டாக ஹேல்ஸ் வைத்தது வாத்தினத்துப் பறவையொன்றின் மூச்சுக்குழாயை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் இல்லாத காலத்தில் அதைவிடப் பொருத்தமான நெகிழ்குழாய் வேறென்ன கிடைத்திருக்கும்? அவர் தேர்ந்த இடமும் தொடைதான். தோலுக்கு அண்மையில், கைக்கு எட்டுமிடத்தில், போதிய பருமனோடு கிடைக்கும் தமனி அது. இந்தக் காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வரும்.

இதயத்துக்கு மாற்றாக இரத்தத்தைச் செலுத்தும் ஏற்பாடு ஒன்று கிடைத்தால் உடலின் எப்பகுதியையும் உயிரோடு வைத்திருக்கலாம் என்று 1812இலேயே பிரெஞ்சு உடலியலாளர் லெகல்வா எழுதிவிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது எண்ணமாகவே நின்றதற்கு முதற்காரணம் இரத்தம் உறைவது. உடலுக்கு வெளியே வந்த இரத்தம் சில நிமிடங்களில் கட்டியாகிவிடும். 1916இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்னும் மாணவர் தற்செயலாகக் கண்ட உறைவுத்தடுப்புப் பொருள்தான் பின்னர் ஹெப்பாரின் ஆயிற்று. கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். அது இல்லாவிட்டால் இணைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.

1930 அக்டோபரில் பாஸ்டன் நகரில் பித்தப்பை அறுவை முடிந்த ஒரு பெண்ணின் நுரையீரல் தமனியில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. ஜான் கிப்பன் என்னும் இளம் மருத்துவர் இரவு முழுதும் அவர் அருகில் அமர்ந்து நாடித்துடிப்பையும் அழுத்தத்தையும் குறித்துக்கொண்டிருந்தார். காலையில் நெஞ்சைத் திறந்து கட்டியை எடுத்தும் அப்பெண் பிழைக்கவில்லை. நீலம் பாய்ந்த இரத்தத்தைச் சிரையிலிருந்து எடுத்துச் செந்நிறமாக்கித் தமனிக்குள் அனுப்ப முடிந்திருந்தால் என்ற எண்ணம் அன்றிரவு அவருக்குப் பிறந்தது. அந்த எண்ணத்தின் பின்னால் 23 ஆண்டுகள் அலைந்தார். உடன் உழைத்தவர் அவர் மனைவி மேரி. ஆய்வகத்தில் பாதி வேலை அவருடையது, வரலாற்றில் பாதிப் பெயர் அவருக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டன் தெருக்களில் மீனைக் காட்டிப் பூனைகளைப் பிடித்துச் சாக்கில் கொண்டுவந்து சோதித்தார்கள். 1935இல் ஒரு நாள், பூனையின் நுரையீரல் தமனியை முழுதாக இறுக்கி அடைத்த பிறகும் எந்திரத்தால் அதன் உயிர் நின்றது. இருவரும் ஆய்வகத்தில் கட்டிப்பிடித்து ஆடினார்களாம்.

1953 மே 6ஆம் நாள் பிலடெல்பியாவில் 18 வயதுப் பெண்ணொருவரின் இதய மேலறைச் சுவரிலிருந்த துளையைக் கிப்பன் தைத்து மூடினார். 26 நிமிடங்கள் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் எந்திரமே முழுதாகச் செய்தது. பாடநூல்கள் இத்தோடு நிறுத்திவிடும். குழாய்கள் எங்கே இருந்தன? வலது ஆரிக்கிள் வழியாக மேற்பெருஞ்சிரைக்குள் ஒன்றும் கீழ்ப்பெருஞ்சிரைக்குள் ஒன்றுமாக எடுக்கும் குழாய்கள் இரண்டு. திருப்பித்தரும் குழாய் இடது காறையெலும்புக்குக் கீழே ஓடும் தமனியில். காறையடித் தமனி என்று அதைச் சொல்லலாம். நெஞ்சைக் குறுக்காகத் திறந்திருந்ததால் அது கைக்கெட்டியது. ஹெப்பாரின் போதாமையால் எந்திரத்துக்குள் இரத்தம் உறையத் தொடங்கியதும், ஆக்சிஜனேற்றி திணறியதும் வெற்றிச் செய்தியின் ஒளியில் மறைந்துபோயின. அதே ஆண்டில் அடுத்தடுத்த நோயாளிகள் இறந்துபோகக் கிப்பன் இதய அறுவையையே கைவிட்டார்.

மின்னசோட்டாவில் வால்டன் லில்லெஹை வேறொரு வழியில் சென்றார். எந்திரத்தை நம்ப முடியாதெனில் இன்னொரு மனிதரையே எந்திரமாக்கினால் என்ன? 1954 மார்ச் 26ஆம் நாள் ஓராண்டுக் குழந்தையொன்றின் இரத்த ஓட்டத்தை அதன் தந்தையின் இரத்த ஓட்டத்தோடு பிணைத்தார். குழந்தையின் பெருஞ்சிரைகளிலிருந்து எடுத்த இரத்தம் தந்தையின் தொடைப்பகுதிச் சிரைக்குள் சென்றது. தந்தையின் நுரையீரலில் செம்மையுற்று, அவர் தொடைத் தமனியிலிருந்து குழந்தைக்குத் திரும்பியது. நடுவில் உணவுத் தொழிலுக்கென உருவான ஒரு பம்பும் சாதாரண நெகிழ்குழாய்களும். அக்குழந்தை அறுவையைத் தாங்கியது. 11 நாள் கழித்து நிமோனியாவில் இறந்தது. ஓராண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் 45 அறுவைகள் இம்முறையில் நடந்தன. 28 பேர் நலமடைந்து வீடு திரும்பினர். நூற்றுக்கு இருநூறு இறப்புக்கு வாய்ப்புள்ள ஒரே அறுவை என்று சக மருத்துவர்கள் கசப்போடு சொன்னார்கள்; ஒரே மேசையருகே இருவர் இறக்கலாம் என்பது பொருள். குழந்தைக்காகப் படுத்த ஒருவருக்குப் பெரும்பாதிப்பு நேர்ந்ததும் பதிவாகியிருக்கிறது. அப்பாவின் படுக்கை அருகில் அமர்ந்து இதைப் படித்தபோது, என் தொடையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன் என்பதை மறைப்பானேன்.

லில்லெஹையின் குழுவில் இருந்த ரிச்சர்ட் டிவால் 1955இல் குமிழி ஆக்சிஜனேற்றியை அமைத்தார். மலிவானது; பயன்படுத்தி எறிந்துவிடலாம். மனிதரை எந்திரமாக்கும் தேவை அத்தோடு தீர்ந்தது. உலகெங்கும் இதய அறுவை பரவியது. 1960களின் தொடக்கத்தில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி வரை எந்திரம் வந்து சேர்ந்தது. எந்திரம் ஒருவாறு நம்பகமான பின்னர்தான் இணைப்பின் சிக்கல் தனியாகத் தெரியத் தொடங்கியது.

1957க்குப் பின் நெஞ்சை நடுவெலும்பு வழியே நெடுக்காகப் பிளந்து திறக்கும் முறை பரவியது. இதயத்தை அணுக அது மிக வசதி; ஆனால் கிப்பன் பயன்படுத்திய இடது காறையடித் தமனி அந்த வழியில் ஆழத்தில் ஒளிந்துவிடும். ஆகவே ஹேல்ஸின் குதிரைக்கு நேர்ந்ததே மனிதருக்கும்: தொடை. மேலே ஒருவர் நெஞ்சைத் திறக்கும்போதே கீழே இன்னொருவர் தொடைத் தமனியைத் திறந்து குழாயைப் பொருத்திவிடலாம். 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் முற்பகுதியிலும் இதுவே பொது வழக்கு.

தொடையில் மூன்று இடர்கள் இருந்தன. குழாய் தமனியை அடைத்துக்கொள்வதால் அதற்குக் கீழே கால் இரத்தமின்றித் தவிக்கும். இரண்டாவது, அளவு. ஒரு குழாயின் வழியே பாயும் நீர்மத்தின் அளவு அதன் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1840களில் பிரெஞ்சு மருத்துவர் புவாசே காட்டியிருந்தார். ஆரம் பாதியானால் அதே அழுத்தத்தில் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். வளர்ந்த ஒருவருக்கு நிமிடத்துக்கு 4 முதல் 5 லிட்டர் இரத்தம் வேண்டும். மெலிந்த தொடைத் தமனியில் நுழையும் மெல்லிய குழாயால் அதைத் தரப் பம்பு மிகுந்த அழுத்தத்தில் தள்ள வேண்டியிருக்கும். இரத்த அணுக்கள் சிதையும். மூன்றாவதுதான் கொடியது. இரத்தம் இயல்பாக இதயத்திலிருந்து காலை நோக்கி ஓடுவது. இங்கே காலிலிருந்து இதயத்தை நோக்கி எதிர்த்திசையில் ஏறுகிறது. குழாயின் முனை தமனியின் உட்படலத்தைச் சற்றே கீறிவிட்டால், ஏறும் இரத்தம் அந்தக் கீறலுக்குள் புகுந்து சுவரை இரண்டாகப் பிளந்துகொண்டே பெருந்தமனி வரை செல்லக்கூடும். முதிய நோயாளிகளிடம் இது பெரும்பாலும் உயிரைக் கொண்டுபோயிற்று.

இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலேயே நேரே குழாயைச் செருகினால் இம்மூன்றும் இல்லை. அகலமான இடம், ஓட்டம் இயல்பான திசையில், தொடையில் தனி வெட்டும் வேண்டாம். பிறகு ஏன் பத்தாண்டு தயங்கினார்கள்? அச்சம். உடலிலேயே மிகுந்த அழுத்தமுள்ள நாளம் அது. அதில் ஒரு துளையிட்டால் இரத்தம் கூரையைத் தொடும் என்று சொல்வது மிகையாகாது. குழாயை எடுத்தபின் அத்துளையை எப்படி அடைப்பது? 1959 முதல் சிலர் துணிந்து எழுதத் தொடங்கினர். 1963இல் பெருந்தமனியில் நேரடியாகக் குழாய் செருகுவதைப் பற்றி எழுதிய இருவரில் ஒருவர், குமிழி ஆக்சிஜனேற்றியை அமைத்த அதே டிவால். எந்திரத்தின் பெயரால் நினைக்கப்படுபவர் இணைப்பைப் பற்றியும் கவலைப்பட்டிருக்கிறார். அந்தச் சிறு கட்டுரையை யாரும் அவர் புகழோடு சேர்த்துச் சொல்வதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் தொடை விலகிப் பெருந்தமனி வழக்காயிற்று. இன்றுவரை அதுவே வழக்கு.

அச்சத்தைத் தீர்த்தது ஒரு தையல். பாட்டிமார் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். பையின் வாயைச் சுற்றி ஓடும் கயிற்றை இழுத்தால் வாய் மூடும், தளர்த்தினால் திறக்கும். அறுவை மருத்துவர் பெருந்தமனியின் சுவரில், துளையிடப்போகும் இடத்தைச் சுற்றி, வட்டமாக நூலை ஓட்டுகிறார். சுவரின் முழு ஆழத்தையும் ஊசி துளைத்துவிடாதபடி. ஒரு வட்டத்துக்கு வெளியே இன்னொரு வட்டம். நூலின் இரு முனைகளையும் ஒரு சிறு ரப்பர்க் குழலுக்குள் கோத்துத் தயாராக வைக்கிறார். பிறகு வட்டத்தின் நடுவே கத்தி முனையால் ஒரு சிறு வெட்டு. ஒரு விரல் வெட்டை மூடுகிறது, விரல் விலகும் கணத்தில் கேனுலா உள்ளே போகிறது, நூல் இழுபடுகிறது. சுவர் குழாயைக் கவ்விக்கொள்கிறது. எல்லாம் முடிந்து குழாயை உருவும்போது அதே நூலை முழுதாக இறுக்கி முடிச்சிட்டால் துளை இல்லை. ஆங்கிலத்தில் இதைப் பணப்பையின் கயிற்றாலும், ஜெர்மனில் புகையிலைப் பையாலும் பெயரிட்டிருக்கிறார்கள். நம் சுருக்குப்பையில் காசும் இருக்கும், வெற்றிலையோடு புகையிலையும் இருக்கும். ஆகவே ‘சுருக்குப்பைத் தையல்’ என்னும் தமிழாக்கத்தை நான் எந்தத் தயக்கமும் இன்றி முன்மொழிகிறேன்.

இந்தச் சில நிமிடங்களின் ஒழுங்கு கண்டிப்பானது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 300 அலகு ஹெப்பாரின் முதலில் செல்ல வேண்டும். இயல்பாக இரண்டு நிமிடத்தை ஒட்டி உறையும் இரத்தம், பரிசோதனைக் குழாயில் 480 விநாடி கடந்தும் உறையாமல் நிற்கிறதா என்று பார்ப்பது பரவலான வழக்கம். இரத்த அழுத்தத்தைச் சற்றே இறக்கிய பின்தான் பெருந்தமனியில் கத்தி. தமனிக் குழாய் முதலில், சிரைக் குழாய் பிறகு. ஏனெனில் சிரைக் குழாயைச் செருகும்போது இரத்தப்போக்கு நேர்ந்தால் தமனி வழியே உடனே ஈடுசெய்யலாம். எடுக்கும்போது வரிசை தலைகீழ்: பெருந்தமனிக் குழாய் கடைசியில். எந்திரத்தின் குழாயையும் கேனுலாவையும் இணைக்கையில் இரண்டு முனையிலும் நீர்மம் ததும்ப, மேலே உப்புநீரை ஊற்றிக்கொண்டே பொருத்துவார்கள். ஒரு காற்றுக்குமிழி உள்ளே சென்று மூளையை அடைந்தால், எழும்போது பேச்சற்றவராக எழலாம்.

மொழியியல் மாணவியாக என்னைக் கவர்ந்தது இந்நிமிடங்களின் பேச்சு. மருத்துவர் ஒன்று சொல்வார். எந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்ட் அதையே திருப்பிச் சொல்வார். செய்து முடித்ததும் மீண்டும் சொல்வார். ஹெப்பாரின் கொடுத்தாயிற்றா என்ற கேள்விக்குத் தலையசைப்பு விடையாகாது, சொல் வேண்டும். செருகிய குழாயில் நாடியின் துடிப்பு எந்திரத்தின் அழுத்தமானியில் தெரிகிறதா என்று கேட்டு விடை பெற்ற பின்னரே பம்பு ஓடும். துடிப்பு தெரியவில்லையென்றால் குழாயின் முனை நாளத்தின் உள்ளறையில் இல்லை, சுவருக்குள் மாட்டியிருக்கிறது என்று பொருள்கொள்ள வேண்டும். வீட்டில் தமிழோ தெலுங்கோ மலையாளமோ பேசுகிறவர்களும் இந்த உரையாடலை ஆங்கிலச் சொற்களில்தான் நடத்துகிறார்கள். அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. அங்கே ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும்.

அளவுகளுக்கும் ஒரு பெயர்க்கதை உண்டு. கேனுலாவின் பருமனை ‘ஃபிரெஞ்ச்’ என்னும் அலகில் சொல்வார்கள். ஒரு ஃபிரெஞ்ச் என்பது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒன்று. 24 ஃபிரெஞ்ச் என்றால் வெளிவிட்டம் 8 மில்லிமீட்டர். பாரிஸில் கருவிகள் செய்த ஷாரியே என்னும் 19ஆம் நூற்றாண்டுக் கைவினைஞர் வகுத்த அளவு அது. பிரான்சில் அவர் பெயராலேயே அதை வழங்குகிறார்கள். ஆங்கிலம் பேசுவோர் அந்தப் பெயரை உச்சரிக்க அலுத்து நாட்டின் பெயரால் வழங்கினார்கள் போலும். அவர் பிறந்தது சுவிட்சர்லாந்தில் என்பது கூடுதல் வேடிக்கை.

சிரைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதய அறைகளைத் திறக்க வேண்டிய அறுவைகள் பலவற்றில் கிப்பன் செய்ததுபோலவே இரு பெருஞ்சிரைகளிலும் தனித்தனிக் குழாய். சிரைகளைச் சுற்றி நாடாவைக் கட்டி இறுக்கினால் இதயத்துக்குள் இரத்தம் வராது, குழாய்க்குள் காற்றும் புகாது. வலப்பக்க அறைகளைத் திறக்காத அறுவைகளுக்கு ஒரே குழாய் போதும். அதன் நுனி கீழ்ப்பெருஞ்சிரையிலும் இடைத்துளைகள் ஆரிக்கிளிலும் இருக்கும். இரத்தம் இழுக்கப்படுவதில்லை, இறங்குகிறது. மேசை உயரத்திலும் எந்திரத்தின் தொட்டி தாழ்விலும் இருப்பதால் புவியீர்ப்பே வேலை செய்கிறது. வாளித் தண்ணீரை ரப்பர்க் குழாயில் இறக்குவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. குழாயின் நடுவே பெரிய காற்றுப்பொதி புகுந்துவிட்டால் வாளிக் குழாய் நிற்பதுபோலவே இதுவும் நிற்கும்.

பெருந்தமனியும் இடரற்ற இடமன்று என்பது பின்னர் தெளிவாயிற்று. நோயாளிகளின் வயது ஏற ஏற, பெருந்தமனியின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்தவர்கள் மிகுந்தனர். அந்தப் படிவின்மீது குழாயைச் செருகினாலோ, குழாயிலிருந்து பீறிடும் இரத்தம் அதன்மீது மோதினாலோ துகள்கள் பெயர்ந்து மூளைக்குச் செல்லும். இதயம் சீராகிப் பக்கவாதத்தோடு எழுந்தவர்களின் துயரம் இங்கிருந்து வந்தது. முன்பெல்லாம் மருத்துவர் விரலால் தடவிப் பார்த்து மென்மையான இடத்தைத் தேர்வார். விரலுக்குத் தென்படாத படிவுகளைப் பெருந்தமனியின்மீதே வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் காட்டுகிறது. செருக இடமே இல்லாவிட்டால்? 1990களிலிருந்து அக்குள் தமனி முதன்மையான மாற்றிடமாக உயர்ந்தது. காறையடித் தமனி முதல் விலா எலும்பைக் கடந்ததும் பெறும் பெயரே அக்குள் தமனி. கிப்பன் 1953இல் குழாய் பொருத்திய அதே தமனியின் நீட்சிக்கு, வலப்பக்கத்தில், நாற்பது ஆண்டு கழித்துத் திரும்பி வந்திருக்கிறார்கள். இதை வாசித்தபோது நான் புன்னகைத்தேன்.

தொடையும் திரும்பியது. அதற்கு வழியமைத்தவர் இதய அறுவையோடு தொடர்பில்லாத ஒருவர். கிப்பன் வென்ற அதே 1953இல், ஸ்டாக்ஹோமில் செல்டிங்கர் என்னும் கதிரியக்கவியலாளர் ஒரு சிறு உத்தியை வெளியிட்டார்: தோலின் மேலிருந்தே ஊசியால் நாளத்தைத் துளை, ஊசிக்குள் மெல்லிய கம்பியை அனுப்பு, ஊசியை உருவு, கம்பியின் மேல் குழாயை ஏற்று. வெட்டே இல்லை. நெஞ்சைப் பிளக்காமல் விலாவிடைச் சிறு துளைகள் வழியே இதய அறுவை செய்யும் முறை 1990களில் எழுந்தபோது குழாய்களுக்கு நெஞ்சில் இடமில்லாமல் போயிற்று, தொடைதான் கைகொடுத்தது. எதிர்த்திசை ஓட்டத்தின் பழைய சுவர்ப்பிளவு இடரும் கூடவே வந்தது. எக்மோவும் பெரும்பாலும் தொடை வழியேதான். 2016 டிசம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா சிகிச்சையில் இருந்த நாள்களில் ‘எக்மோ’ என்ற சொல் ஓரிரவில் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளின் சொல்லாயிற்று. தொடைத் தமனியில் பெரிய குழாய் இருக்கும்போது கால் பட்டுப்போகாமலிருக்க, அதற்குக் கீழே காலை நோக்கி இன்னொரு மெல்லிய குழாய் வைக்கிறார்கள். 1950களின் முதல் இடருக்குக் காலம் கடந்து வந்த விடை அது.

ஆக, அப்பாவின் கேள்விக்கான விடை இதுதான். நெஞ்சைத் திறக்கும்போதே இதயம் நின்றுவிட்டாலோ, பெருந்தமனியில் செருக இடமில்லாவிட்டாலோ, சில நிமிடங்களுக்குள் எந்திரத்தோடு பிணைக்க வேறொரு வாசல் தயாராக இருக்க வேண்டும். அதற்காகவே பெரும்பாலான இதய அறுவைகளில் தொடையையும் மழித்து, மருந்து பூசி, துணி விலக்கி வைக்கிறார்கள்.

பத்தாம் நாள் வீட்டுக்கு வந்த பிறகு இதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். ஹேல்ஸின் குதிரைக்கு வருந்தினார். தந்தையின் தொடையிலிருந்து குழந்தைக்கு இரத்தம் போன கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். இரண்டாம் முறை ஒன்றும் பேசவில்லை. சுருக்குப்பையைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. “எங்கம்மா அதுல நாலணா வச்சிருக்கும்” என்றார். மருத்துவமனை தந்த சுருக்கக் குறிப்பில் இணைப்பைப் பற்றி ஒரே வரி இருந்தது: பெருந்தமனியிலும் இரு பெருஞ்சிரைகளிலும் கேனுலா. அதையும் படித்துக் காட்டினேன். சற்று யோசித்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்தபடியே சொன்னார்: “அப்போ தொடையில ஒண்ணுமே பண்ணலையா? முடி மொளைக்கறப்ப என்ன அரிப்பு தெரியுமா!”